ரிம்முக்கு நிறம் ஏற்றுவதற்கு முன்

காரில் பெயின்ட் நிலைத்து நிற்பதற்கு மிகக் கடினமான இடம் அதன் சக்கரம்தான். பானெட்டும் கதவுகளும் வெயிலையும் மழையையும் தாங்கினால் போதும். ரிம்முக்கு அவற்றோடு ரோட்டுக் கல்லும் சேற்றுநீரும் பங்ச்சர் கடையின் டயர் லிவரும் பிரேக்கின் சூடும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் காரின் உடம்பு பளபளப்பாக இருக்கும்போதே ரிம் மட்டும் கொப்புளம் போட்டு உரியத் தொடங்குகிறது.

உரிந்த ரிம்முக்கு வீட்டிலேயே மறுபடி பெயின்ட் அடிக்க முடியும். நான்கு ஸ்ப்ரே கேன், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு ஜாக்கி, இரண்டு நாள் பொறுமை இருந்தால் நல்ல வேலையே செய்துவிடலாம். ஆனால் அப்படி அடித்தவர்களில் பலருடைய பெயின்ட் அடுத்த மழைக்காலத்தில் ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. பழி கேன் மீது விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் கேனில் குறை இருப்பதில்லை. பெயின்ட் எதன்மேல் உட்கார்ந்ததோ, அந்தப் பரப்புதான் கைவிட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு தடிமனே உள்ள ஒரு அடுக்கில் இந்த வேலையின் வெற்றியும் தோல்வியும் முடிவாகிவிடுகின்றன.

முதலில் பிரேக். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 250 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர அது தாராளமாகப் போதும். இந்த வெப்பம் சில நொடிகளுக்குள், பெரும்பகுதி முன்சக்கர டிஸ்க்குகளில் இறங்குகிறது. டிஸ்க் வார்ப்பிரும்பு. அதை அழுத்தும் பேடில் இரும்புத்தூள், கிராஃபைட், பேரியம் சல்ஃபேட், செம்பு எனப் பலவும் கலந்திருக்கும். ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் இரண்டும் நுண்ணிய அளவில் தேய்ந்து, சூடான துகள்களாக ரிம்மின் உட்புறத்தில் படிகின்றன.

அவற்றில் உள்ள இரும்புத் துகள்கள் பெயின்ட்டின் மேல்தோலில் பதிந்து, ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கின்றன. எவ்வளவு ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத பழுப்புப் புள்ளிகள் இவைதான். இவற்றை எடுப்பதற்கென்றே விற்கும் திரவங்களில் பெரும்பாலானவற்றின் உயிர்ச்சரக்கு தயோகிளைகோலேட் என்னும் உப்பு. தலைமுடியைச் சுருளாக்க அழகு நிலையங்களில் பயன்படுவதும் இதே குடும்பம்தான். அந்தக் குமட்டும் வாடையை வைத்தே அடையாளம் காணலாம். இது இரும்போடு சேர்ந்து ஊதா நிறச் சேர்மமாகிக் கரைகிறது. வெள்ளி நிற ரிம்மில் தெளித்த சில நிமிடங்களில் ஊதாக் கோடுகள் வழிந்து இறங்கும்போது, இத்தனை நாள் எவ்வளவு இரும்பு அங்கே ஒட்டியிருந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் செலவை மிச்சப்படுத்த நினைத்து, கழிவறை கழுவும் ஆசிட்டை எடுப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தை நேராகத் தின்னும். தின்றதோடு நிற்காமல், அதன் குளோரைடு கண்ணுக்குத் தெரியாத குழிகளில் தங்கி, புதிய பெயின்ட்டுக்கு அடியிலிருந்தே அரிப்பைத் தொடங்கி வைக்கும். காஸ்டிக் சோடாவும் அலுமினியத்தைக் கரைக்கும். இரண்டையும் ரிம் பக்கமே கொண்டுபோகக் கூடாது. காய்ந்த பிரேக் தூசியை ஊதித் தள்ளுவதும் வேண்டாம். பழைய வாகனங்களின் பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலம் ஒன்று உண்டு. நனைத்துக் கழுவுவதே நுரையீரலுக்கு நல்லது.

கழுவி முடித்ததும் ரிம் எந்த உலோகம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காந்தம் ஒட்டினால் இரும்புத் தகட்டில் அழுத்திச் செய்த ஸ்டீல் ரிம். ஒட்டாவிட்டால் அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவை. வார்ப்பு அலுமினியத்தைச் சக்கரமாக்கிப் பந்தயத்தில் ஓட்டிய புகழ்பெற்ற முன்னோடி புகாட்டியின் டைப் 35. 1924-இல் பிரான்சின் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் அது இறங்கியது. இன்று மாருதி, ஹூண்டாய் கார்களின் உயர்ரக மாடல்களிலேயே அலாய் வந்துவிட்டது. விலை குறைந்த மாடல்களில் ஸ்டீல் ரிம்மும் அதை மறைக்கும் பிளாஸ்டிக் வீல் கேப்பும் தொடர்கின்றன.

இரண்டும் அரிக்கப்படும் விதமே வேறு. 1923-இல் பில்லிங், பெட்வொர்த் என்ற இருவர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்கள். உலோகம் ஆக்சைடாக மாறும்போது அதன் பருமன் எத்தனை மடங்காகிறது? அலுமினியத்துக்கு விடை ஏறத்தாழ 1.3. அந்த ஆக்சைடு உலோகத்தை நெருக்கமாகப் போர்த்திக்கொண்டு, மேலும் காற்று புகாமல் தடுத்துவிடுகிறது. இரும்புக்கு விடை இரண்டு மடங்குக்கும் மேல். தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்ட துரு அதையும் தாண்டிப் பொங்கும். இடம் போதாமல் பொங்குவதால் அது தன் மேலிருக்கும் பெயின்ட்டையும் தூக்கிக்கொண்டு எழும்புகிறது. ஸ்டீல் ரிம்மின் கொப்புளம் இப்படித்தான் பிறக்கிறது.

அப்படியென்றால் அலாய் வீல் ஏன் கெடுகிறது? அதன் நோய் நூதனமானது. ஒரு கல் தெறித்து மேல்பூச்சில் சிறு ஓட்டை விழுகிறது. அதன் வழியே ஈரமும் உப்பும் நுழைகின்றன. சில மாதங்களில் அந்த ஓட்டையிலிருந்து மெல்லிய வெண்ணிற இழைகள், புழு ஊர்ந்த தடம்போல், பெயின்ட்டுக்கு அடியிலேயே வளைந்து வளைந்து நீளும். இழை அரிப்பு என்று இதைச் சொல்லலாம். ஒவ்வொரு இழைக்கும் ஒரு தலையும் வாலும் உண்டு. காய்ந்து வெடித்த வால் வழியாக ஆக்சிஜன் உள்ளே வருகிறது. தலையின் முனையில் ஆக்சிஜன் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு மின்கலமாகி, முனையில் அமிலம் சேர்ந்து அலுமினியம் கரைகிறது. கரையக் கரையத் தலை முன்னேறுகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருக்கும் வரை இது நிற்பதில்லை. முகப்பைக் கடைந்து பளபளப்பாக்கி, மேலே நிறமற்ற பூச்சான கிளியர் கோட் மட்டும் போட்ட அலாய் வீல்களில் இது அதிகம். கடைந்த விளிம்பு கூர்மையானது. திரவப் பெயின்ட் பரப்பு இழுவிசையால் கூர்விளிம்பை விட்டு விலகிப்போகும். எனவே அங்கே பூச்சு மிக மெல்லியது.

கடலோரத்தில் வாழ்பவருக்கு இந்த உப்பு வீடு தேடி வருகிறது. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடற்காற்றின் அரிப்பை ஆராய மண்டபம் என்னும் ஊரில் தனி நிலையமே நடத்திவருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடும் காருக்கும் கோயம்புத்தூரில் ஓடும் காருக்கும் ரிம்மின் ஆயுள் வேறுபடுவதில் வியப்பில்லை. கடலோரக் காரின் ரிம்மில் உப்புத்தாள் படுவதற்கு முன்பே நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட வேண்டும். அழுக்கோடு தேய்த்தால் உப்பு கீறல்களுக்குள் போய்ப் புதைந்துகொள்ளும்.

அடுத்த எதிரி, டயர் பாலிஷ். டயரைக் கருகருவென்று மின்ன வைக்கும் பாலிஷ்கள் பலவற்றில் சிலிகோன் எண்ணெய் இருக்கிறது. அதன் பரப்பு இழுவிசை மிகக் குறைவு. அதன் ஒரு துளி ரிம்மில் மிச்சமிருந்தாலும், மேலே விழும் பெயின்ட் அந்த இடத்தைவிட்டு நாலாபுறமும் ஒதுங்கி, வட்டக் குழிகளாக நின்றுவிடும். எத்தனை கோட்டு அடித்தாலும் அந்தக் குழி நிரம்பாது. பரப்பு சுத்தமா என்று அறியத் தொழிற்சாலைகளிலும் பயன்படும் ஒரு சோதனைக்குத் தண்ணீர் மட்டுமே போதும். ரிம்மின் மீது தண்ணீரை ஊற்ற வேண்டும். முழுப்பரப்பும் ஒரே ஏடாக நனைந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று பொருள். தின்னர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது.

பிறகுதான் உப்புத்தாள். பெயின்ட்டர்கள் வாட்டர் பேப்பர் என்று சொல்லும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள், கார் பெயின்ட் பட்டறைகளுக்காகவே பிறந்தது. பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டுபிடித்த அதை 1921-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதைய பெயின்ட்டுகளில் ஈயம் இருந்தது. உலர்ந்த தாளில் தேய்த்தால் அந்த ஈயத்தூசி தொழிலாளியின் நெஞ்சுக்குள் போனது. தண்ணீர் அதை அடக்கியது. அதே நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர், செயின்ட் பால் நகரின் பட்டறைகளுக்கு உப்புத்தாள் மாதிரிகள் கொண்டுபோனபோது, இரட்டை நிறக் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கையில் பெயின்ட்டும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். 1925-இல் அவர் உருவாக்கியதுதான் மாஸ்கிங் டேப். இன்று ரிம்முக்குப் பெயின்ட் அடிக்க உட்காரும் எவர் கையிலும் இந்த இருவரின் உழைப்பு இருக்கிறது.

எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். முழு ரிம்மையும் வெறும் உலோகம் தெரியும் வரை தேய்க்க வேண்டியதில்லை. உரிந்த இடத்தையும் அதன் விளிம்பையும் 120, 180 எண் தாளால் சரிவாக இறக்கி, நன்றாக இருக்கும் பழைய பெயின்ட்டை 400 எண் தாளால் மங்கலாக்கினால் போதும். தொழிற்சாலைப் பூச்சை வீட்டில் மறுபடி கொண்டுவரவே முடியாது என்பதுதான் காரணம். ஸ்டீல் ரிம்மின் அடிப்பூச்சு பெரும்பாலும் மின்சாரத்தால் படிய வைத்தது. நீரில் கலந்த பெயின்ட் தொட்டியில் ரிம்மை முக்கி மின்னோட்டம் செலுத்தினால் பெயின்ட் உலோகத்தை நோக்கி ஓடி ஒட்டும். ஒட்டிய இடம் மின்சாரத்தைத் தடுப்பதால், மின்னோட்டம் தானாகவே இன்னும் ஒட்டாத மூலைமுடுக்குகளைத் தேடிப் போகும். ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் 1960-களின் தொடக்கத்தில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது முதலில் முக்கியது சக்கரங்களைத்தான். காரின் முழு உடம்பு அதற்குப் பின்புதான். தகடுகள் சேரும் இடுக்குவரை போய்ச் சேர்ந்த அந்தப் பூச்சை, அழகுக்காகச் சுரண்டி எறிவது பெரிய நஷ்டம்.

வெறும் உலோகம் தெரிந்த இடத்தில் நேரம் முக்கியமாகிவிடுகிறது. தேய்த்த அலுமினியத்தின் மேல் ஆக்சைடு உடனடியாகப் படர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் நிற்கும். பெயின்ட் ஒட்ட வேண்டியது உலோகத்தில் அல்ல, இந்த ஏட்டின் மேல். அது புதிதாகவும் சுத்தமாகவும் இருக்கும்போதே பிரைமர் விழ வேண்டும். அலுமினியத்துக்கு ஏற்றது பாஸ்பாரிக் அமிலம் கலந்த எட்ச் பிரைமர். அமிலம் பரப்பை லேசாகக் கடித்து, அங்கேயே பாஸ்பேட்டாக மாறி, மேலே வரும் பிசினுக்குப் பிடிமானம் தருகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கப்பல்களுக்காக உருவான இவ்வகைப் பிரைமர்களில் துத்தநாகக் குரோமேட் இருந்தது. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால் இன்று குரோமேட் இல்லாதவற்றையே கேட்டு வாங்க வேண்டும். ஸ்டீல் ரிம்முக்குத் துத்தநாகப் பாஸ்பேட் பிரைமரோ எப்பாக்ஸி பிரைமரோ நல்லது. துருவின்மேல் நேராக எதையும் அடிப்பது வீண்.

இனி ஸ்ப்ரே கேன். அழுத்தத்தில் அடைத்துத் தெளிக்கும் டப்பாவை 1920-களில் யோசித்தவர் நார்வேயின் எரிக் ரோதெய்ம். அதில் பெயின்ட்டை அடைத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர், ஆண்டு 1949. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான தன் அலுமினியப் பெயின்ட்டை வாடிக்கையாளருக்கு அடித்துக்காட்ட அவர் வழி தேடிக்கொண்டிருந்தார். கேனில் அடைக்கலாமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி போனி. ஆக, கேனிலிருந்து வந்த முதல் பெயின்ட், இன்று அலாய் வீல்களில் அதிகம் காணும் அதே வெள்ளி நிறம்.

அந்த வெள்ளி நிறத்துக்குத் தனிக் கவனம் தேவை. அதில் மிதப்பவை தட்டையான அலுமினியச் செதில்கள். அவை பரப்புக்கு இணையாகப் படுத்தால்தான் நிறம் சீராக மின்னும். ஒரே இடத்தில் கனமாக அடித்தால் செதில்கள் ஈரத்தில் நீந்தித் தாறுமாறாகத் திரும்பி, திட்டுத் திட்டாகக் கறுத்துத் தெரியும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, மெல்லிய கோட்டுகளாக மூன்றோ நான்கோ அடிக்க வேண்டும். முதல் கோட்டில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் அழுத்துபவர்களின் ரிம்மில்தான் பெயின்ட் வழிகிறது. கேனை அடிக்கடி குலுக்குவதும் அவசியம். உள்ளே இருக்கும் குண்டு உருண்டால்தான் அடியில் படிந்த செதில்கள் மேலே வரும். டயரைக் கழற்றாமல் அடிப்பவர்கள் பழைய சீட்டுக்கட்டை எடுத்து, டயருக்கும் ரிம்முக்கும் நடுவே சுற்றிலும் செருகிவிடலாம். டேப்பைவிட இது சுத்தமாக மறைக்கும்.

நம் ஊரில் இந்த வேலையைக் கெடுப்பதில் முதலிடம் காற்றின் ஈரத்துக்கு. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. பரப்பு அதற்குக் கீழே குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும். தின்னர் ஆவியாகும்போது பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நான்கு டிகிரி இறங்குவதற்கு அதிக நேரம் ஆகாது. ஈரப்பெயின்ட்டில் நீர்த்துளி புகுந்தால் பளபளப்பு போய் வெண்படலம் நிற்கும். உலோகத்தின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலில் எங்கும் பின்பற்றும் விதி. சென்னையில் கோடை நாளென்றால், காலை ஈரம் அடங்கிய பிறகு, கடற்காற்று வீசத் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில மணி நேரமே சிறந்தது. நிழலில் அடிக்க வேண்டும். வெயிலில் சுட்ட உலோகத்தில் பெயின்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரத்துவிடும்.

கேனிலிருந்து பெயின்ட்டைத் தள்ளுவது இன்று பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள், அதாவது அடுப்பில் எரியும் எரிவாயுவின் உறவினர்கள். மூடிய பார்க்கிங்கிலோ சமையலறையை ஒட்டிய வராந்தாவிலோ இந்த வேலை கூடவே கூடாது. துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகக்கவசம் வேண்டும்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. சாதாரண லாக்கர் கேனில் தின்னர் பறந்து பிசின் மட்டும் மிஞ்சுகிறது. மறுபடி தின்னரோ பெட்ரோலோ பட்டால் அது கரைந்துவிடும். இந்த வகைப் பெயின்ட்டின் மூதாதை, டூபான்ட் நிறுவனத்தின் டூகோ. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1924-ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் காரில் நீல நிறத்தில் பயன்படுத்தியபோது, வாரக்கணக்கில் காய்ந்த கார்கள் மணிக்கணக்கில் காய்ந்தன. இன்றைய தொழிற்சாலைக் கிளியர் கோட்டுகள் பலவும் இரண்டு பாகம் கலந்து வேதிவினையால் வலையாகப் பின்னிக்கொள்பவை. அவை கரைவதில்லை. அப்படிப்பட்ட இரட்டைப் பாகக் கேன்களும் கடையில் கிடைக்கின்றன. அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்டனர் இருக்கும் குப்பி உடைந்து கலக்கும். தரத்தில் அவற்றுக்கு இணையில்லை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. பெயின்ட் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டு வாசலில் இதை அடிப்பதைவிட, கிளியர் கோட்டை மட்டும் முறையான பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுப்பதே நல்லது.

பழைய பெயின்ட்டை எடுக்க ஹீட் கன்னையோ தீயையோ அலாய் வீலில் காட்டுவது இன்னொரு ஆபத்து. பல அலாய் வீல்கள் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்ந்த அலுமினியம். வார்த்த பிறகு 540 டிகிரி அளவில் சூடாக்கி, நீரில் சட்டெனக் குளிரவைத்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் வைத்துத்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். அந்தச் சூட்டைத் தாண்டி நீண்ட நேரம் காய்ச்சினால் உள்ளிருக்கும் நுண்படிகங்கள் பருத்து, உலோகம் மென்மையாகிவிடும். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

கடைசியாக, பெயின்ட் படவே கூடாத இடங்கள். ரிம் ஹப்போடு சேரும் தட்டையான பரப்பும், நட்டுகள் உட்காரும் கூம்புக் குழிகளும் வெறும் உலோகமாகவோ தொழிற்சாலைப் பூச்சோடு மட்டுமோ இருக்க வேண்டும். இதன் காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. 12 மில்லிமீட்டர் போல்ட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கினால், அது ரிம்மை ஏறத்தாழ 4 டன் விசையோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த விசை போல்ட் இழுபட்டு நீள்வதிலிருந்து வருகிறது. நீளும் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரைமர், நிறம், கிளியர் கோட் மூன்றும் சேர்ந்தால் பூச்சின் தடிமனும் கிட்டத்தட்ட அதே அளவு. ஓட ஓட, சூட்டிலும் அதிர்விலும் நட்டுக்கு அடியிலுள்ள பெயின்ட் நசுங்கி விலகினால், போல்ட்டின் இழுவை முழுவதுமே போய்விடலாம். எனவே அந்தக் குழிகளைப் பெயின்ட் அடிக்கும் முன்பே டேப்பால் அடைத்து, தவறி விழுந்த பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ரிம்மை மாட்டும்போது, காரின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரம் ஆறியதும் அதே ரென்ச்சால் ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.